டர்பன்ல ஓவரி கேன்சர் பத்தி தமிழ்ல பேச யாராவது கிடைப்பாங்களா?

கேள்விய சுருக்கமா சொல்லிடறேன், முழுசா படிக்காதவங்களுக்காக. தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல இருக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்பா போனப்புறம் கும்பகோணத்துல இருந்து தன்னோட கூட்டிட்டு வந்த அம்மாவுக்கு, வயசு 61, ஓவரி கேன்சர், அதாவது சினைப்பை புற்றுநோய், ஸ்டேஜ் 3சி. ரெண்டு கீமோ முடிஞ்சிருக்கு. அம்மாவுக்கு தமிழ் தவிர வேற எதுவும் வராது, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்காங்க, நாள் பூரா ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்காங்களாம். இதே வியாதி வந்த யாராவது தமிழ்ல பேச கிடைப்பாங்களா, குரூப் எதாவது இருக்கான்னு கேட்டிருக்காங்க.

நேராவே சொல்லிடறேன் தங்கச்சி. ஓவரி கேன்சருக்குன்னே தமிழ்ல பேசுற குரூப் ஒண்ண இத்தன வருஷத்துல டர்பன்ல நான் பாத்ததே இல்ல. ஆனா ரெண்டு பேர் கிடைச்சா போதும், குரூப்பே வேணாம். ஒருத்தங்க, இதே வியாதியில அம்மாவ விட ரெண்டு மூணு வருஷம் முன்னாடி போயிட்டிருக்கிறவங்க, அவங்களுக்கு தமிழ் தெரியாட்டியும் பரவால்ல. இன்னொருத்தங்க தமிழ்ல வாய் ஓயாம பேசுறவங்க, அவங்களுக்கு கேன்சர் வந்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல. இந்த ரெண்டும் ஒரே ஆள்கிட்ட கிடைக்கணும்னு தேடிதான் நான் எட்டு மாசத்த வீணடிச்சேன்.

நான் யாருன்னு கேப்பீங்க. ஊர்ல பத்து வருஷம் நர்ஸா இருந்தவ, கல்யாணமாகி 2009-ல இங்க வந்தேன், சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். 2019 ஆகஸ்ட்ல எனக்கே 3சி வந்துச்சு. வயிறு உப்பிக்கிட்டே போச்சு, கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சுட்டிருந்தேன், நர்ஸா இருந்தவ! மூணு கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மூணு கீமோ. 2022-ல திரும்ப வந்துச்சு, திரும்ப கீமோ. இப்போ மாத்திரையில ஓடிட்டிருக்கு. இத எதுக்கு சொல்றேன்னா, கார்போபிளாட்டின் பேக்லிடாக்ஸெல்ங்கிற கீமோ மருந்து என்ன பண்ணும்னு புஸ்தகத்துல படிச்ச எனக்கே, மூணாவது நாள் ராத்திரி கால் எலும்பெல்லாம் உள்ளுக்குள்ள யாரோ முறுக்குற மாதிரி இருந்தப்போ, இது எல்லாருக்கும் இப்படித்தானா இல்ல நான் சாகப்போறேனான்னு கேக்க ஒரு ஆள் இல்ல. டாக்டர்கிட்ட கேட்டா 'காமன்'னு ஒரே வார்த்தை. அந்த வார்த்தைய வச்சுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன பண்றது?

முதல்ல நான் போனது பொதுவான கேன்சர் சப்போர்ட் குரூப் ஒண்ணுக்கு. நல்ல மனுஷங்கதான், குறை சொல்லல. வந்தவங்கள்ல முக்காவாசி மார்பக கேன்சர், ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு, முடிச்சுட்டு வந்தவங்க. கேக் வெட்டி 'அஞ்சு வருஷம் க்ளியர்'னு கைதட்டுறாங்க. என் பக்கம் திரும்பி ஒரு அம்மா, 'உனக்கு எப்போம்மா முடியுது?'ன்னு கேட்டாங்க. 3சின்னா இடுப்புக்குழிய தாண்டி வயித்து சவ்வுல 2 செ.மீ.க்கு மேல பரவியிருக்குன்னு அர்த்தம், முதல் ட்ரீட்மென்ட் நல்லா கேட்டாலும் பெரும்பாலானவங்களுக்கு சில வருஷத்துல திரும்ப வர்ற வியாதி இது. எங்களுக்கு 'முடியுது'ங்கிற வார்த்தையே சரியா பொருந்தாது. ஸ்கேன்லருந்து அடுத்த ஸ்கேன், சிஏ-125ங்கிற ரத்த டெஸ்ட்ல ஒரு ரிசல்ட்லருந்து அடுத்த ரிசல்ட், அப்படித்தான் காலண்டர் ஓடுது. அந்த ரூம்ல நான் வாய தொறந்தா எல்லாரோட சந்தோஷத்துலயும் மண்ணப் போட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயந்து, கேக்க தின்னுட்டு வந்துட்டேன். அப்புறம் போகல. அதனால அம்மாவ ஏதோ ஒரு கேன்சர் குரூப்ல கொண்டுபோய் உக்கார வச்சுட்டு வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுடாதீங்க. ஒரே வியாதி மட்டும் பத்தாது, ஏறக்குறைய ஒரே ஸ்டேஜா இருக்கணும்.

எனக்கு ஆள் கிடைச்சது கீமோ ரூம்லதான். அடுத்த நாற்காலி. ஒரு ஜூலு பாட்டி, கோகோன்னுதான் எல்லாரும் கூப்பிட்டாங்க, உம்லாஸிலேருந்து ரெண்டு டாக்ஸி மாறி வருவாங்க. எனக்கு ஜூலு பத்து வார்த்தை, அவங்களுக்கு இங்கிலீஷ் அம்பது வார்த்தை. முதல் நாள் என் சார்ட்டையும் அவங்க சார்ட்டையும் சிஸ்டர் ஒரே ட்ரேயில வச்சாங்க, மருந்து பேர் ஒண்ணா இருந்துச்சு, அத சுட்டிக்காட்டி சிரிச்சாங்க. மூணாவது தடவை அவங்க விரல என் விரல் மேல வச்சு நகத்த காட்டினாங்க, கருப்பா கோடு விழுந்திருந்துச்சு, எனக்கும் அதே கோடு. விரல் மரத்துப்போறத எப்படி சொல்றதுன்னு தெரியாம நான் தீக்குச்சி உரசுற மாதிரி நடிச்சு காட்டினேன், சாமி விளக்கு ஏத்தும்போது குச்சி விரல்ல இருக்கா கீழ விழுந்துடுச்சான்னே தெரியல, சுட்டப்புறம்தான் தெரியுதுன்னு. கோகோ தன் சட்டை பட்டன காட்டி தலைய ஆட்டினாங்க. அவ்ளோதான் பேச்சு. அன்னிக்கு ராத்திரி எட்டு மாசத்துக்கப்புறம் முழுசா தூங்கினேன். வாய் புண்ணுக்கு ஜில்லுன்னு அமாசி சாப்பிடச் சொன்னதும் அவங்கதான். அமாசின்னா நம்ம ஊர் கெட்டித் தயிர் மாதிரிதான், கடையில பாக்கெட்ல கிடைக்கும். டயட்டீஷியன் குடுத்த பேப்பர்ல அது இல்ல.

ஆக, முதல் வேலை: அம்மா கீமோ எடுக்குற இடத்துல இருக்கிற சிஸ்டர்கிட்ட பேசுங்க. டாக்டர்கிட்ட இல்ல, அவருக்கு நேரம் கிடையாது, யாருக்கு யார் பொருத்தம்னும் அவருக்குத் தெரியாது. ட்ரிப் போடுற சிஸ்டருக்கு எல்லாம் தெரியும். 'இதே மாதிரி ஓவரி, 3 இல்ல 4, ஒரு வருஷமாவது தாண்டினவங்க யாராவது இருக்காங்களா'ன்னு கேளுங்க. அவங்க இன்னொரு பேஷன்ட் நம்பர உங்ககிட்ட குடுக்க மாட்டாங்க, சொந்தத் தகவல வெளிய விடக்கூடாதுன்னு போப்பியா சட்டம் இருக்கு, குடுக்கவும் கூடாது. அதனால நீங்க உங்க நம்பர ஒரு துண்டு சீட்டுல எழுதி, 'அவங்களுக்கு இஷ்டம்னா கூப்பிடச் சொல்லுங்க'ன்னு குடுத்துட்டு வாங்க. நான் குடுத்த மூணு சீட்டுல ஒண்ணுக்கு போன் வந்துச்சு, ஒண்ணு போதாதா. முடிஞ்சா கீமோ தேதியும் ஒரே கிழமையில வர்ற மாதிரி கேட்டு வாங்குங்க, மூணு வாரத்துக்கு ஒரு தடவை அதே ஆளுங்க அதே நாற்காலியில உக்காருவாங்க.

கான்சாவுக்கும் போன் பண்ணுங்க. தென்னாப்பிரிக்க கேன்சர் சங்கம், 1931-லேருந்து இருக்கு, 0800 22 66 22 காசில்லாத நம்பர். கவுன்சிலிங் இலவசம். தமிழ் இருக்காது, அதனால முதல்ல நீங்க உங்களுக்காக பேசுங்க. நிறைய பேர் பேஷன்ட்டுக்கு மட்டும்தான்னு நெனச்சு விட்டுடறாங்க, பாத்துக்கறவங்களுக்கும்தான். நீங்க எழுதினதுல அம்மாவப் பத்தி பத்து வரி, உங்களப் பத்தி அரை வரி கூட இல்ல, அதுலயே தெரியுது.

வெளிநாட்டுப் பக்கம் தேடுறது ரொம்ப நல்லது, ஏன்னா ஓவரி கேன்சர் மார்பக கேன்சர் அளவுக்கு அதிகம் இல்ல, ஒரு ஊருக்குள்ள மட்டும் தேடினா ஆள் கிடைக்கிறது கஷ்டம். சிகாகோவுல இமர்மன் ஏஞ்சல்ஸ்னு ஒண்ணு இருக்கு, எந்த நாட்டுல இருந்தாலும் வியாதி, ஸ்டேஜ், வயசு எல்லாம் பாத்து ஒருத்தருக்கு ஒருத்தர்னு இலவசமா சேத்து விடுவாங்க, பாத்துக்கற மகளுக்கும் இன்னொரு மகள சேத்து விடுவாங்க. எனக்கு அப்படித்தான் ஒருத்தங்க கிடைச்சாங்க, ஸ்டேஜ் 4, ஆறு வருஷம் தாண்டினவங்க. ஆறு வருஷம்னு அவங்க சாதாரணமா சொன்ன அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுத வரல. இங்கிலாந்துல ஓவாகோம், டார்கெட் ஓவேரியன் கேன்சர்னு ரெண்டு இருக்கு, இந்த வியாதிக்கு மட்டுமேன்னு நடத்துறாங்க, அவங்க எழுதி வச்சிருக்கிறத நீங்க படிச்சு அம்மாவுக்கு தமிழ்ல சொல்லலாம். இங்கிலீஷ் வராத அம்மாவுக்கு இதெல்லாம் எப்படி உதவும்னு கேக்காதீங்க. நீங்க பேசுங்க, கேட்டத சாயங்காலம் அம்மாகிட்ட கதையா சொல்லுங்க. 'அம்மா, அங்க ஒருத்தங்களுக்கு உன் மாதிரியே ஆச்சாம், அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா'ன்னு ஆரம்பிங்க. ஜன்னல்லருந்து முகத்த திருப்புவாங்க.

இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு. நெட்ல எத்தன பேர் எத்தன வருஷம் இருப்பாங்கன்னு நம்பர தேடிட்டு அம்மா முன்னாடி உக்காராதீங்க. அந்தக் கணக்கெல்லாம் பல வருஷம் முன்னாடி ட்ரீட்மென்ட் எடுத்தவங்களோடது, ஒலாபரிப் மாதிரி மாத்திரை எல்லாம் அப்புறம் வந்ததுதான். சிஏ-125-உம் அப்படித்தான், 35-க்கு கீழ நார்மல்னு சொல்லுவாங்க, ஆனா நம்பர் நம்பரா குரூப்ல போட்டு ஒப்பிடறது ஒரு போதை. எனக்கு ஒரு தடவை 22-லேருந்து 31 ஆச்சு, ரெண்டு நாள் சாப்பிடல, டாக்டர் பாத்துட்டு தோள குலுக்கிட்டார், அடுத்த மாசம் 19. இதே வியாதியில பழக்கமாகி இப்போ நாங்க நாலு பேர் இருக்கோம், எங்களுக்குள்ள ஒரு சட்டம், நம்பர டாக்டர் விளக்கினப்புறம்தான் பேசணும்.

குரூப்ல கேக்கக் கூடாததும் இருக்கு, சத்தியமா சொல்றேன். கீமோ நடக்குற சமயத்துல ஜுரம் 38 டிகிரி செல்சியஸ் தாண்டினா, விடாம வாந்தி வந்து மலமும் காத்தும் போகலன்னா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, 'யாருக்காவது இப்படி ஆச்சா'ன்னு கேட்டுட்டு உக்காராதீங்க, நேரா கேஷுவாலிட்டி. எங்கள்ல ஒருத்தங்க ஒரு ராத்திரி முழுக்க மெசேஜ் போட்டுட்டு இருந்தாங்க, எல்லாரும் சுக்கு கஷாயம் இஞ்சின்னு சொல்லிட்டிருந்தோம், காலையில பாத்தா குடல் அடைப்பு. நானும் அதுல இஞ்சி சொன்னவதான்.

இனி ரெண்டாவது ஆளு, தமிழ் பேசுறவங்க. இங்கதான் 'யாருக்கும் சொல்லாத' சத்தியம் குறுக்க நிக்குது. அம்மா மேல தப்பில்ல. நம்ம சனங்களுக்கு கேன்சர்னு சொல்ல வாய் வராது, வயித்துல கட்டி, கர்ப்பப்பை கோளாறுன்னு சுத்தி வளைப்பாங்க, என்ன பாவம் பண்ணாளோன்னு முதுகுக்குப் பின்னாடி பேசுவாங்க, அப்புறம் மருந்து சொல்ல வரிசையா வருவாங்க. இங்க சீத்தா இலையும் கஞ்சா எண்ணெயும் சொல்லாத மாமா கிடையாது. ஒரு மாமா எனக்கு கீமோவ நிறுத்திட்டு முள்ளு சீத்தா இலைக் கஷாயம் குடின்னு வீடு தேடி வந்து சொன்னார், நான் டீ குடுத்து அனுப்பிட்டேன், அவர் மூணு வாரம் கழிச்சு தன் முட்டிவலிக்கு ஹாஸ்பிட்டல்ல மாத்திரை வாங்கிட்டு நின்னத பாத்தேன், அது வேற கதை.

அதனால ஊருக்கே சொல்ல வேணாம், ஒருத்தருக்கு சொல்லுங்க. யாருன்னு அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். என் அனுபவத்துல கோயில் சமையல்கட்டு பொம்பளைங்க நல்ல தேர்வு. ஆடி மாசம் மாரியம்மனுக்கு கூழ் ஊத்துற கூட்டத்துல வெங்காயம் உரிக்கிற வயசான ஆயாக்கள் இருப்பாங்க, இங்கேயே பொறந்தவங்க, தமிழ் அரைகுறை, பாதி இங்கிலீஷ், ஆனா 'சாப்பிட்டியா', 'உக்காரு கண்ணு'ன்னு சொல்ற தமிழ் சுத்தமா இருக்கும். அவங்க மருந்து சொல்ல மாட்டாங்க, பக்கத்துல உக்காந்து வெங்காயம் குடுப்பாங்க. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, கீமோவுக்கப்புறம் வெள்ளணு குறையுற நாள்ல கூட்டத்துக்கு அனுப்பாதீங்க, வீட்டுக்கு ஒருத்தர வரச் சொல்லுங்க, சளி இருமல் இருந்தா வரவேணாம்னு சொல்லிடுங்க.

ஊர்ல இருக்கிற தமிழ் பேஷன்ட் ஒருத்தங்களோட போன்ல பேச வச்சாலும் நல்லதுதான். உங்க சொந்தக்காரங்கள்ல யாரோ ஒருத்தர் சென்னை அடையார் கேன்சர் ஆஸ்பத்திரி பக்கம் போய் வந்திருப்பாங்க, கேட்டுப்பாருங்க, கேக்க ஆரம்பிச்சாதான் எத்தன வீட்டுல மறைச்சு வச்சிருக்காங்கன்னு தெரியும். நேரம் மட்டும் பாத்துக்கோங்க, நம்மள விட அவங்க மூன்றரை மணி நேரம் முன்னால, இங்க சாயங்காலம் ஆறுன்னா அங்க ஒன்பதரை. எனக்கு அப்படி மதுரையில ஒரு அக்கா. லாக்டவுன் ஆரம்பிச்ச 2020 மார்ச் கடைசியில பிடிச்ச பழக்கம், வாட்ஸப்ல வாய்ஸ் நோட்தான், விரல் மரத்துப்போனவங்களுக்கு டைப் பண்ண வராதே. ஒரு நாள் நான் அவங்களுக்கு அனுப்பினேன், புருவம் கொட்டிப்போச்சுக்கா, பொட்டு வைக்க கண்ணாடி முன்னாடி நின்னா எது நடுன்னே தெரியல, புருவத்த வச்சுதான் இத்தன வருஷம் அளவு பாத்திருக்கேன்னு இப்போதான் தெரியுதுன்னு. பதில் வாய்ஸ் நோட்ல பேச்சே இல்ல, ஒண்ணரை நிமிஷம் சிரிப்பு. அவங்களுக்கும் பொட்டு ஒரு வாரமா கோணலாத்தான் இருந்துச்சாம், வீட்டுல யாரும் சொல்லலையாம். இத வேற யார்கிட்ட சொல்லியிருந்தாலும் ஐயோ பாவம்னுதான் சொல்லியிருப்பாங்க.

ஹாஸ்பிஸ் பத்தி சொன்னா உடனே பயப்படுவீங்க, பரவால்ல கேளுங்க. ஹாஸ்பிஸ்னா கடைசி வாரம் படுக்குற இடம்னு நம்மாளுங்க நெனச்சுட்டிருக்காங்க. டர்பன்ல ஹைவே ஹாஸ்பிஸ், இங்க எங்க பக்கம் சாட்ஸ்வொர்த் ஹாஸ்பிஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல உம்சுண்டுசின்னு இருக்கு. கீமோ ஓடிட்டிருக்கும்போதே வலி, மலச்சிக்கல், தூக்கம் இதுக்கெல்லாம் உதவி கேக்கலாம், சிஸ்டர் வீட்டுக்கு வருவாங்க. சாட்ஸ்வொர்த் பக்கம் போனா ஆயாக்கள் பேச்சுல தமிழ் வாசனை இருக்கும், ஆனா அம்மா கேட்டுட்டு 'இது என்ன தமிழ்'னு மூக்க சுளிக்கலாம். பழகிடும். 1860-லேருந்து இங்க வந்து குடியேறினவங்க பேசி, நாலஞ்சு தலைமுறை தாண்டி வந்த தமிழ் அது, கும்பகோணத்துத் தமிழ் மாதிரி இருக்காது.

இன்னொண்ணு, உங்களுக்கானது. அம்மாவுக்கு பிராக்கா டெஸ்ட், அதாவது பரம்பரையா வர்ற ஜீன் கோளாறு இருக்கான்னு பாக்குற டெஸ்ட், எடுத்தாங்களான்னு கேளுங்க. பிராக்கா 1 இல்ல 2-ல கோளாறு இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பையனா பொண்ணான்னு வித்தியாசமில்ல. இதப் பத்தி பேசவும் ஆள் வேணும், அது அம்மாவா இருக்கக் கூடாது, ஏற்கெனவே 'என்னால என் பொண்ணுக்கும்'னு உள்ளுக்குள்ள அரிச்சுட்டிருப்பாங்க. இதே டெஸ்ட் எடுத்த இன்னொரு மகள தேடுங்க. மெடிக்கல் ஸ்கீம், அதாவது ஹெல்த் இன்ஷூரன்ஸ் மாதிரி, இருந்தா அதுல கேன்சருக்குன்னு இருக்கிற ஆன்காலஜி ப்ரோக்ராம்ல தனியா ரெஜிஸ்டர் பண்ணணும்னு சொல்லிக்குடுக்கிறதும் இப்படி முன்னால போன ஆளுங்கதான், எனக்கு அத தாமதமா சொன்னாங்க, கைக்காசு போச்சு.

இத சொல்லாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்: நாங்க அஞ்சு பேர் இருந்தோம், இப்போ நாலு. கோகோ 2021-ல போயிட்டாங்க. சாவுக்கு போனேன், சனிக்கிழமை, கூடாரம் போட்டு மாடு வெட்டி ஊரே சாப்பிடுது, எனக்கு பாட்டு ஒண்ணும் புரியல, அவங்க மக என் கைய பிடிச்சு நகத்த பாத்தா. அம்மா தெரிஞ்சு வச்சுக்கற ஆள் அம்மாவுக்கு முன்னாடி போயிடலாம். அதுக்கு பயந்து ஆளே வேணாம்னு இருக்கலாம், நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன், அப்போ அழுகைக்கு பதிலா வெறும் ஜன்னல்தான் இருந்துச்சு. இப்போ ஒருத்தங்க போனா ரெண்டு வாரம் போன தூர வச்சுடுவேன், மத்தவங்க கேக்க மாட்டாங்க, திரும்பி வந்ததும் 'சாப்பிட்டியா'ன்னு ஆரம்பிப்பாங்க.

அம்மாகிட்ட இத எப்போ பேசறதுன்னு யோசிச்சு பேசுங்க. கீமோ அன்னிக்கும் மறுநாளும் ஸ்டீராய்டு தெம்புல நல்லா இருக்கிற மாதிரி தெரியும், எதையும் சரின்னு சொல்லிடுவாங்க, நம்பாதீங்க. மூணுலேருந்து ஏழு நாள் வரைக்கும் வாயே தொறக்காதீங்க, எதுக்கும் வேணாம்னுதான் வரும். மூணாவது வாரம் கேளுங்க, சாம்பார்ல உப்பு பத்தலன்னு உங்கள திட்ட ஆரம்பிச்ச அன்னிக்கு.